ஹெல்மெட்டுக்குள் காற்று வருமா? வாசகர் கேள்வி – பதில்

பெங்களூரில் வெயில் ஏறத் தொடங்கியதும் ஹெல்மெட் பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டோம். பனிக்காலத்துக் கேள்விகள் சிலவும் மார்கழியிலிருந்தே காத்திருந்தன, அவற்றையும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: அல்சூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் பைக்கில் போகிறேன். 'எட்டு வென்ட்' (காற்றுத் துளை) என்று பெட்டியில் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் இந்த ஹெல்மெட்டை வாங்கினேன். எல்லாவற்றையும் திறந்தே வைத்தாலும் சில்க் போர்டு தாண்டுவதற்குள் தலை வெந்துவிடுகிறது. கோளாறு ஹெல்மெட்டிலா, என்னிடமா?
– அல்சூர் வாசகர்

பதில்: பாதிக் கோளாறு சில்க் போர்டு சந்திப்பின் டிராஃபிக்கில். மீதி ஹெல்மெட்டில் இருக்கலாம், அதை வீட்டிலேயே சோதித்துவிடலாம்.

முதலில் சில்க் போர்டு. ஹெல்மெட் வென்ட்டில் ஃபேன் எதுவும் கிடையாது. வண்டி ஓடும்போது நெற்றிப் பக்கம் காற்று மோதி அழுத்தம் கூடுகிறது. பின்மண்டைப் பக்கம் காற்று பிய்த்துக்கொண்டு போவதால் அங்கே அழுத்தம் குறைகிறது. இந்த வித்தியாசம்தான் காற்றை முன்னால் உள்ளே தள்ளிப் பின்னால் உறிஞ்சி வெளியே எடுக்கிறது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி மாறும். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டரில் இருக்கும் பெங்களூருக் காற்றில், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நெற்றியில் விழும் அழுத்தம் ஏறக்குறைய 150 பாஸ்கல். 20 கி.மீ. என்றால் 16 பாஸ்கல் சொச்சம், அதாவது ஒன்பதில் ஒரு பங்கு. சிக்னலில் நின்றுவிட்டால் பூஜ்யம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஹெல்மெட்டாக இருந்தாலும் டிராஃபிக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அதன் வென்ட் வேலை செய்யாது. அந்த நேரத்தில் உங்களிடம் இருக்கும் ஒரே பெரிய ஜன்னல், முகத்துக்கு முன்னால் இருக்கும் வைசர். நின்றதும் முழுசாகத் தூக்குங்கள். கிளம்பி வேகம் பிடிக்கும்போது கொஞ்சமே திறந்திருக்கும்படி முதல் பல்லில் நிறுத்துங்கள். தூசி லாரிக்குப் பின்னால் மாட்டினால் மூடிவிடுங்கள்.

இனி ஹெல்மெட். வெளிக்கூட்டில் இருக்கும் ஓட்டைகளின் எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கூட்டுக்கு உள்ளே விரலளவு தடிமனில், சில இடங்களில் அதற்கும் மேலாக, தெர்மாகோல் இருக்கிறது. மீன் பெட்டிக்கும் ஐஸ் பெட்டிக்கும் போடுகிற அதே பொருள்தான், அடர்த்தி மட்டும் அதிகம். வெப்பத்தைக் கடத்தாது என்பதற்காகவே பெட்டிகளுக்குப் போடுகிறார்கள். உங்கள் தலைச்சூடு இந்தச் சுவர் வழியாக வெளியேறாது. காற்று உள்ளே வந்து, வியர்வையை ஆவியாக்கி, அந்த ஈரத்தோடு வெளியே போனால்தான் உண்டு. அதற்கு வெளி ஓட்டைக்கு நேராகத் தெர்மாகோலிலும் துளை வேண்டும். அந்தத் துளையிலிருந்து உச்சந்தலை வழியாகப் பின்பக்கம் வரை வாய்க்கால் மாதிரி பள்ளம் ஓட வேண்டும். பின்னால் வெளியேறவும் வழி வேண்டும். மலிவு ஹெல்மெட்டுகள் பலவற்றில் பிளாஸ்டிக் மூடி அழகாகச் சறுக்கித் திறக்கும், அதற்குப் பின்னால் துளையே இல்லாத தெர்மாகோல் இருக்கும். வெறும் அலங்காரம்.

சோதிக்கும் முறை இது. உள்துணியின் பட்டன்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கழற்றுங்கள். தெர்மாகோல் வெளியே தெரியும். அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சை ஒவ்வொரு வென்ட்டிலும் வையுங்கள். நேர்த்துளையாக இருந்தால் உள்ளே வெளிச்சம் தெரியும். சில ஹெல்மெட்டில் துளை வளைந்து போகும், வெளிச்சம் வராது. அதற்கு ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ரா ஒன்றை வென்ட்டில் ஒட்டிவைத்து ஊதுங்கள். உள்பக்கம் ஈர உள்ளங்கையைப் பிடித்துப் பாருங்கள். காற்று வந்தால் உள்ளங்கை சில்லென்று காட்டிக்கொடுத்துவிடும். பின்னால் இருக்கும் வெளியேற்று வென்ட்டுகளையும் இப்படியே ஊதிப் பாருங்கள். முன்னால் நாலு வழி திறந்து பின்னால் ஒன்றுகூட இல்லையென்றால், அது ஒரே ஒரு ஜன்னல் வைத்த அறைதான். காற்று உள்ளே நுழையவே நுழையாது.

துளைகள் சரியாக இருந்தும் வேகுகிறதென்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, உள்துணி. சில மாடல்களில் தடித்த ஸ்பான்ஜ், துளைக்கு நேராகவே வந்து அடைத்துக்கொண்டிருக்கும். வலைத்துணி வைத்த உள்துணியில் இந்தத் தொல்லை குறைவு. இரண்டாவது, சறுக்கு மூடிக்குள் சேரும் தூசி. பழைய டூத்பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் தொட்டுத் தேயுங்கள். எண்ணெய் விட வேண்டாம், தூசியை இன்னும் இழுக்கும். மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. லேப்டாப் பையை உயரமாக மாட்டிக்கொண்டு, கழுத்துக்குப் பின்னால் தொங்கும் தொப்பி வைத்த ஜாக்கெட்டையும் போட்டால், பிடரியில் காற்று வெளியேறும் இடம் அப்படியே அடைபட்டுப் போகும். பையின் வாரை இரண்டு அங்குலம் தளர்த்திக் கீழே இறக்கினாலே வித்தியாசம் தெரியும்.

வாங்கும்போது கடையிலேயே உள்துணியைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள். ஜே.சி. ரோட்டுக் கடைக்காரர்கள் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்கள். சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கேள்வி: நண்பர் ஒருவர் டிரில் மிஷினில் உச்சியில் ஆறு ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். "ஏசி மாதிரி இருக்குடா" என்கிறார். நானும் போடலாமா?
– ஸ்ரீராமபுரம் வாசகர்

பதில்: கூடாது. தொழிற்சாலையில் விடும் துளைக்குச் சுற்றிலும் வளைந்த விளிம்பு இருக்கும். அதை வைத்துத்தான் அந்த மாடலைச் சோதனைக்கே அனுப்புகிறார்கள். டிரில் போட்ட ஓட்டையின் ஓரம் கூர்மையாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாத கீறல்களும் விழும். மோதலில் விசை முழுவதும் அந்தக் கீறலில் போய்ச் சேர்ந்து, கூடு அங்கிருந்து பிளக்கும். டிரில் சூட்டில் தெர்மாகோலும் சுற்றிலும் உருகிச் சுருங்கியிருக்கும். மோதலின் ஆற்றலை நசுங்கி விழுங்க வேண்டிய பொருள் அது, அங்கே இனி விழுங்க ஒன்றுமில்லை. போதாததற்கு உச்சி ஓட்டையில் மழைத் தண்ணீர் நேராக மண்டையில் இறங்கும். உங்கள் நண்பருக்கு ஒரே வழி, புது ஹெல்மெட். பின்பக்கம் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 4151 என்ற எண்ணும், அதன் கீழ் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் அசலா, போலியா என்று தெரிந்துவிடும். இந்த முத்திரை இல்லாமல் இரு சக்கர வாகன ஹெல்மெட் விற்பதே 2021 ஜூன் 1 முதல் தடை.

கேள்வி: என் ஸ்கூட்டருக்குக் கறுப்பு ஹெல்மெட் பிடித்திருக்கிறது. வீட்டில் 'வெள்ளைதான் சூடாகாது' என்று ஒரே பிடிவாதம். யார் சொல்வது சரி?
– ஒயிட்ஃபீல்டு வாசகி

பதில்: வீட்டில் சொல்வது சரி, ஆனால் காரணம் முழுசாகச் சரியில்லை. நின்ற இடத்தில் வெயிலில் வைத்தால் கறுப்புக் கூடு தொட முடியாத அளவு சுடும், வெள்ளை அவ்வளவு சுடாது. ஆனால் ஓடும்போது எதிர்க்காற்று கூட்டைக் குளிர்வித்துக்கொண்டே வரும். மிச்சச் சூட்டைத் தெர்மாகோல் தடுத்துவிடும். அதனால் தலை உணரும் வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. காற்றுவழி நன்றாக இருக்கும் கறுப்பு ஹெல்மெட், அடைத்துக்கொண்டிருக்கும் வெள்ளை ஹெல்மெட்டைவிடக் குளிர்ச்சியாகவே இருக்கும்.

வெள்ளையை நாங்கள் பரிந்துரைப்பது வேறு காரணத்துக்காக. நியூசிலாந்தின் ஆக்லாந்து பகுதியில் பைக் விபத்துகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பு ஹெல்மெட் போட்டவர்களோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட் போட்டவர்கள் விபத்தில் காயம்பட்டது 24 சதவீதம் குறைவாக இருந்தது. மற்ற வண்டிக்காரர் கண்ணில் நீங்கள் படுகிறீர்கள், அவ்வளவுதான். கறுப்புதான் வேண்டுமென்றால் பின்பக்கம் ஒளி திருப்பும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். எந்த நிறமானாலும் வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டித் தொங்க விடாதீர்கள். வெயிலில் வேகும் என்பது மட்டுமில்லை, கண்ணாடியின் முனை தெர்மாகோலில் குழி போட்டுவிடும்.

கேள்வி: உணவு டெலிவரி செய்கிறேன், ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வண்டியில். முழு முகம் மூடும் ஹெல்மெட்டில் மத்தியானம் தூக்கம் வருகிறது, மூச்சும் முட்டுகிறது. அரை ஹெல்மெட் போதாதா?
– மாரத்தஹள்ளி வாசகர்

பதில்: தூக்கம் வருவது பிரமை இல்லை. முழு ஹெல்மெட்டின் வைசரை மூடிக்கொண்டு நின்றால், நீங்கள் விட்ட மூச்சையே திரும்பவும் இழுக்கிறீர்கள். சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வு நிலையத்தில் அளந்தபோது, நின்ற நிலையில் ஹெல்மெட்டுக்குள் கார்பன் டை ஆக்சைடு 2 சதவீதத்தைத் தாண்டியது. வெளிக்காற்றில் இருப்பது 0.04 சதவீதம்தான். வண்டி ஓடத் தொடங்கினால் அளவு இறங்கிவிடும். ஆக, உங்கள் எதிரி ஓட்டம் இல்லை, நிற்பது. சிக்னலில் வைசரைத் தூக்குவதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வாய்க்கு முன்னால் இருக்கும் தாடை வென்ட்டை ஒருபோதும் மூடாதீர்கள். தாடைக்குக் கீழே சிறு துணித்திரை இருந்தால் வெயில் காலத்துக்குக் கழற்றி எடுத்துவிடுங்கள், பனிக்காலத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

உச்சந்தலையை மட்டும் மூடும் கிண்ண ஹெல்மெட் வேண்டவே வேண்டாம். முகம் திறந்து, காது, பின்மண்டை வரை இறங்கும் முக்கால் ஹெல்மெட்டில் காற்று தாராளம், ஆனால் கீழே விழுந்தால் தாடைக்குக் காவல் இல்லை. எங்கள் தேர்வு பெரிய தாடை வென்ட்டும் வலைத்துணி உள்துணியும் வைத்த முழு ஹெல்மெட். அது உங்களால் முடியவே முடியாதென்றால், முழு ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஓட்டுவதைவிட முக்கால் ஹெல்மெட்டைப் பட்டை கட்டிப் போட்டுக்கொண்டு ஓட்டுவது எவ்வளவோ மேல். தாடையைத் தூக்கித் திறக்கும் வகையும் உண்டு. நிற்கும்போது சௌகரியம், கனம் கொஞ்சம் கூடும். ஓடும்போது தாடையை இறக்கி, 'க்ளிக்' என்று பூட்டிவிட வேண்டும்.

உங்களைப் போலப் பகல் முழுக்கப் போடுகிறவர்கள் அதே மாடலுக்கு இன்னொரு ஜோடி உள்துணி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலான கம்பெனிகள் உதிரியாகவே விற்கின்றன. மத்தியானம் ஈரமானதைக் கழற்றிக் காயப்போட்டுவிட்டு உலர்ந்ததை மாட்டலாம். அதற்கு வழியில்லையென்றால் தலைக்குள் போடும் மெல்லிய பாலியெஸ்டர் குல்லாய் மூன்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டன் கர்ச்சீஃப் கட்டாதீர்கள். பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் விடாது. ஈரம் அப்படியே தலையில் ஊறி நிற்கும், தெர்மாகோல் பள்ளத்தையும் அடைக்கும். பாலியெஸ்டர் வலை ஈரத்தைப் பரப்பிக் காற்றிடம் கொடுத்துவிடும்.

ஆர்டருக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஹெல்மெட்டை நிழலில், வாய்ப்பக்கம் காற்றைப் பார்த்தபடி வையுங்கள். பெட்ரோல் டாங்க் மேல் வேண்டாம். பெட்ரோல் பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும், மேலே கூடு பளபளவென்றே இருக்கும்.

கேள்வி: மே மாதம் பைக்கில் வேலூருக்குப் போகிறோம். ஓசூர் வரை ஒன்றுமில்லை. கிருஷ்ணகிரி இறங்கியதும் முகத்தில் அனல் அடிக்கிறது. வென்ட்டைத் திறந்தால் இன்னும் மோசம். திறக்க வேண்டுமா, மூட வேண்டுமா?
– விவேக் நகர் வாசகர்

பதில்: அருமையான கேள்வி. வென்ட் திறந்தால் குளிரும் என்ற விதி உடைகிற இடம் இதுதான்.

பெங்களூரிலிருந்து வேலூருக்கு வரும்போது நீங்கள் சுமார் 700 மீட்டர் கீழே இறங்குகிறீர்கள். உயரம் குறைந்ததற்காகவே ஏறக்குறைய ஐந்து டிகிரி கூடிவிடும். தோலின் வெப்பநிலை 35 டிகிரி சுற்று. வெளிக்காற்று அதற்குக் கீழே இருக்கும்வரை காற்று படப்பட நீங்கள் குளிர்வீர்கள். 40ஐத் தொட்டுவிட்டால் அதே காற்று உங்களுக்குச் சூடு கொடுக்கிறது. அப்போது உங்களைக் காப்பாற்றுவது வியர்வை ஆவியாவது மட்டும்தான். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது கிட்டத்தட்ட 2.4 கிலோ ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். தலையில் மணிக்கு 100 கிராம் ஆவியானால் 65 வாட்டுக்கும் மேல் வெப்பம் வெளியேறுகிறது. ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் முழுவதும் உண்டாக்கும் வெப்பமே 100 வாட் சொச்சம் என்பதால், இது சின்ன விஷயமில்லை. ஆனால் சுடுகாற்று வேகமாக அடித்தால் வியர்வை வந்த நொடியே காய்ந்துவிடும். தோல் உலர்ந்து சூடு ஏறும், உடம்பில் தண்ணீர் குறைவதே தெரியாது.

அதனால் அனல் அடிக்கும் இடத்தில் வைசரை மூடுங்கள். தாடை வென்ட்டைப் பாதி, உச்சி வென்ட்டை முழுசாகத் திறந்து வையுங்கள். சட்டை பட்டனைத் திறந்து போட்டுக்கொண்டு ஓட்டுவது தப்பு, முழுக்கைச் சட்டையோ வலை ஜாக்கெட்டோ வேண்டும். பிறகு ஈரம். கழுத்துக்கு ஒரு துண்டு, தலைக்கு மெல்லிய குல்லாய், இரண்டையும் நனைத்து, சொட்டாத அளவு பிழிந்து போட்டுக்கொள்ளுங்கள். இங்கே மட்டும் பருத்தித் துண்டு நல்லது, தண்ணீரை அதிகம் பிடித்து வைக்கும். அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை காய்ந்துவிடும். அதுவே நிறுத்தி ஓய்வெடுக்கும் நேரமாகவும் இருக்கட்டும்.

இந்த ஈரத்துணி எல்லா ஊரிலும் வேலை செய்யாது. ஏப்ரல் மத்தியானம் பெங்களூரில் 34 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போது நனைந்த துணி 21 டிகிரி சுற்று வரை குளிர முடியும். சென்னையில் 37 டிகிரி, 55 சதவீதம் என்றால் 29க்குக் கீழே இறங்காது. தாடையில் மாட்டும் தண்ணீர் கூலர்களுக்கும் இதே கணக்குதான். பெங்களூரில் அதை மாட்டிப் பார்த்துப் பாராட்டியவரும் சென்னையில் திட்டியவரும் ஒரே ஆளாகவே இருக்கலாம்.

மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை குடியுங்கள், தாகத்துக்குக் காத்திருக்காதீர்கள். வழியில் உப்புப் போட்ட நீர்மோர் கிடைத்தால் விடாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் குறிப்பிட்ட அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டுவது பலர் செய்யும் தப்பு. வெயிலில் போய்க்கொண்டிருக்கும்போதே உடம்பு சிலிர்த்தால், தலை கிறுகிறுத்தால், பேச்சு குழறினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஹெல்மெட்டைக் கழற்றி, நிழலில் படுக்க வைத்து, தலை, கழுத்து, அக்குளில் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். பேச்சு தெளியவில்லையென்றால் 108.

கேள்வி: விடியற்காலை நந்தி மலைக்குப் போகும்போது தலைக்குக் கம்பளித் தொப்பி போட்டு அதன் மேல் ஹெல்மெட் போடுகிறேன். உடல் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது என்கிறார்களே?
– லிங்கராஜபுரம் வாசகர்

பதில்: அது பழைய கதை. 1950களில் அமெரிக்க ராணுவம் நடத்திய சோதனைகளில் உடம்பு முழுக்கக் குளிர் உடை போட்டு, தலையை மட்டும் திறந்து விட்டார்கள். வெப்பம் வெளியேற வேறு இடமே இல்லை, தலை வழியாகத்தான் போனது. அதைப் பிடித்துக்கொண்டு 'பாதிச் சூடு' என்று பரப்பிவிட்டார்கள். பெரியவர்களின் உடல் பரப்பில் தலை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, வெப்ப இழப்பும் ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான். தெர்மாகோல் மூடிய தலை ஏற்கெனவே கதகதப்பாகத்தான் இருக்கிறது.

கம்பளித் தொப்பியால் ஆபத்து வேறு. ஹெல்மெட் தலையில் நேராக உட்காராமல் மேலே தூக்கி நிற்கும். கொஞ்ச நாளில் கன்னப் பஞ்சு நசுங்கி, தொப்பி இல்லாதபோது ஹெல்மெட் ஆடும். உங்களுக்குக் குளிர்வது கழுத்து. 12 டிகிரிக் காற்றில் 60 கி.மீ. வேகத்தில் போனால் திறந்த தோலுக்கு அது 8 டிகிரிக் குளிராகப் படும். கழுத்துக்கு மெல்லிய குழாய்த் துணி ஒன்று, தாடைத் திரை மாட்டி, உச்சி வென்ட்டை மூடுங்கள். தாடை வென்ட்டை மட்டும் திறந்து விடுங்கள், இல்லையென்றால் கீழே வரும் கேள்வி உங்களுடையதாகிவிடும்.

கேள்வி: மார்கழிக் காலையிலும் மழையிலும் வைசர் மூடினால் ஆவி படிகிறது, மூக்குக் கண்ணாடியிலும் படிகிறது. திறந்தால் கண்ணில் தண்ணீர். வைசரின் உள்ளே வைக்கும் பின்லாக் என்ற உள்கண்ணாடி வாங்கி ஒட்டினேன், அதற்குள்ளேயும் ஆவி!
– பேகூர் வாசகர்

பதில்: வெளியே வரும் மூச்சு உடல் சூட்டை ஒட்டிய வெப்பநிலையில், ஈரம் நிறைந்து வருகிறது. 15 டிகிரிக் காற்று வெளியிலிருந்து வைசரைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த பரப்பில் ஈரம் துளியாகப் படிகிறது. தீர்வும் மூன்று விதம்தான்: மூச்சை வைசருக்குப் போகாமல் திருப்புவது, உலர்ந்த காற்றை வைசரின் உள்பக்கம் விடுவது, உள்பரப்பைக் குளிராமல் வைப்பது. மூக்குக்கு மேலே உட்காரும் ரப்பர் மறைப்பு முதல் வேலையைச் செய்யும். திறந்த தாடை வென்ட் இரண்டாவதைச் செய்யும். பின்லாக் மூன்றாவது.

பின்லாக்கை 'ஒட்டினேன்' என்கிறீர்கள், சந்தேகம் அங்கேதான் வருகிறது. அது ஸ்டிக்கர் இல்லை. வைசரில் இரண்டு ஓரத்திலும் ஊசி போன்ற பின் இருக்கும். உள்கண்ணாடியின் இரு ஓரத்துப் பள்ளமும் அவற்றில் மாட்டி, சுற்றிலும் உள்ள சிலிக்கோன் விளிம்பு வைசரில் முழுதும் அழுந்தி நிற்க வேண்டும். இடையில் அடைபடும் காற்றுதான் உள்பரப்பைக் குளிராமல் காக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஆவி வந்தால் எங்கோ விளிம்பு அழுந்தவில்லை என்று பொருள்.

வைசரைக் கழற்றுங்கள். இளஞ்சூட்டு நீரில் ஒரு துளி ஷாம்பு விட்டுக் கழுவி, முழுதும் காய விடுங்கள். ஈரத்தோடு மாட்டினால் அந்த ஈரமே உள்ளே சிக்கிவிடும். வைசரை மேசைமேல் லேசாக அழுத்தி விரித்துப் பிடித்துக்கொண்டு, உள்கண்ணாடியை ஒரு பின்னில் மாட்டி, பிறகு மற்றதில் மாட்டுங்கள். கையை எடுத்ததும் வைசர் வளைவுக்குத் திரும்பி விளிம்பை இறுக்கிக்கொள்ளும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் விளிம்பு அழுந்திய இடம் கோடாகத் தெரியும். கோடு எங்காவது அறுந்திருந்தால் பின்னைத் திருக வேண்டும். பெரும்பாலான மாடல்களில் பின் நடுவில் இல்லாமல் ஒருபக்கம் ஒதுங்கி இருக்கும், திருகத் திருக இழுப்பு கூடும். இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். ரொம்ப இறுக்கினால் பள்ளம் கிழியும். எல்லாம் சரியான பிறகே மேலே இருக்கும் பாதுகாப்புப் படலத்தை உரிக்க வேண்டும். உள்கண்ணாடி ஈரத்தை உறிஞ்சும் வகை என்பதால் நனைந்தபோது துணியால் தேய்த்தால் கீறல் விழும், காயவிட்டு விடுங்கள்.

உங்கள் வைசரில் பின் இல்லையென்றால் நீங்களே துளை போட வேண்டாம். அந்த மாடலுக்குப் பின் வைத்த வைசர் வருகிறதா என்று பாருங்கள். இல்லாதவர்கள் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளியை ஈர விரலில் எடுத்து உள்பக்கம் தடவி, தெளிவாகும்வரை உலர்ந்த மென்துணியால் துடைக்கலாம். ஒன்றிரண்டு பயணத்துக்குத் தாங்கும். அதிகம் விட்டால் இரவில் எதிர்வண்டி வெளிச்சம் சிதறும், மழை நீரில் கரைந்து கண்ணிலும் எரியும். மூக்குக் கண்ணாடிக்கும் இதே சோப்பு வைத்தியம் ஆகும். ஆனால் கோட்டிங் உள்ள கண்ணாடி என்றால் கடையில் விற்கும் ஆவித்தடுப்புத் துணியே பாதுகாப்பு. ஜன்னல் துடைக்கும் அம்மோனியா திரவத்தை வைசரில் அடிக்காதீர்கள், பாலிகார்பனேட்டில் மெல்லிய விரிசல் விடும்.

கேள்வி: ஹெல்மெட் நாற்றம் தாங்கவில்லை. வாஷிங் மிஷினில் போடலாமா?
– காக்ஸ் டவுன் வாசகி

பதில்: உள்துணி கழற்றக்கூடியது என்றால் கழற்றி, குளிர்ந்த நீரில் பேபி ஷாம்பு விட்டு அரை மணி ஊற வைத்து, கையால் அழுத்தி அலசுங்கள். முறுக்கிப் பிழிந்தால் ஸ்பான்ஜ் உடைந்து பிறகு உருவம் வராது. இரு துண்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில் காயப் போடுங்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் முழுக்கக் கூட ஆகலாம். ஈரத்தோடு மாட்டியதுதான் பாதி நாற்றத்துக்குக் காரணம். கழற்ற முடியாத உள்துணி என்றால் ஈரத்துணியில் ஷாம்பு நுரை தொட்டுத் துடைத்து, வெறும் ஈரத்துணியால் மீண்டும் துடைத்து, ஃபேனுக்கு முன் வைத்துவிடுங்கள். ஹேர் டிரையர், அடுப்பு, பிரிட்ஜின் சூடான பின்பக்கம் இவற்றில் காய வைக்கக் கூடாது. தெர்மாகோல் 80 டிகிரி சுற்றிலேயே இளகிச் சுருங்க ஆரம்பிக்கும். ஸ்பிரே சென்ட் அடிப்பவர்கள் உண்டு, அதன் கரைப்பான் தெர்மாகோலைத் தின்னும். கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவினால் சென்ட் தேவைப்படாது.

கேள்வி: ஹெல்மெட் போட்டால் முடி கொட்டுமா?
– முர்பி டவுன் வாசகர்

பதில்: ஹெல்மெட்டால் வழுக்கை வராது, அதற்குக் காரணம் பரம்பரையும் ஹார்மோனும். ஈரமும் சூடும் சேர்ந்தால் தலையில் எப்போதும் இருக்கும் ஒருவகைப் பூஞ்சை பெருகும், பொடுகு வரும், சொறிந்தால் முடி உடையும். இறுக்கமான ஹெல்மெட்டைக் கழற்றும்போது முடியை இழுத்தும் பிடுங்கலாம். பட்டையின் இரு பக்கமும் பிடித்து வெளிப்பக்கம் விரித்துக்கொண்டு கழற்றுங்கள். குளித்த ஈரத் தலையில் ஹெல்மெட் போடாதீர்கள். அளவும் முக்கியம். புருவத்துக்கு மேல் இரண்டரை சென்டிமீட்டரில் டேப் சுற்றி அளந்து, 58 வந்தால் எம், 60 வந்தால் எல் என்று தொடங்கி, கடையில் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். நெற்றியில் ஒரே இடத்தில் வலித்தால் அந்த வடிவம் உங்கள் தலைக்கு இல்லை, அளவை மாற்றியும் பயனில்லை. வேறு கம்பெனி பாருங்கள்.